பூட்டிய அறையில் ஒரு எலுமிச்சம்பழம்

கள்ளிவிளையில் ஓட்டுப்பதிவு முடிந்து, மெஷின்களையெல்லாம் அரசு பாலிடெக்னிக்கின் பட்டறைக் கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு வைத்து, அரக்கின் மேல் முத்திரை வைத்து, எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் கையெழுத்துப் போட்ட தாளைக் கதவில் ஒட்டி, வாசலில் துப்பாக்கியோடு வெளிமாநிலத்துப் போலீஸை நிறுத்தி, அதற்கு எதிரே ஒரு பந்தல் போட்டு, பந்தலுக்குள் ஒரு டிவியை வைத்து, பூட்டிய கதவு பூட்டியபடியே இருப்பதை ஊரே உட்கார்ந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்து முடித்த பிறகு, அந்த வாரக் கடைசியில் ஊர் நாற ஆரம்பித்தது.

நாற்றம் அந்த ஊருக்குப் புதிதில்லை. மீன் மார்க்கெட்டுக்கு ஒன்று, பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு இடம் சொல்கிற அளவுக்கு நாற்றங்களோடு பழகிய ஜனங்கள்தான். இது அந்த வகையில் சேரவில்லை. லீவு விட்ட அன்றைக்குப் பள்ளிக்கூடப் பையில் மறந்துபோன டிபன் பாக்ஸை லீவு முடிந்து திறந்தால் வருமே அதுவும், ஈரம் காயாமல் மடித்து வைத்த துணியின் முடைநாற்றமும், குடித்துவிட்டுப் படுத்தவன் காலையில் விடுகிற மூச்சும் ஒன்றாய்க் கலந்து, தெருத் தெருவாக, வீடு வீடாக, தலையணை உறைக்குள் வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. இத்தனை நாறியும் ஒரு ஈ வரவில்லை. மீன் மார்க்கெட்டில் பரம்பரை பரம்பரையாகக் குடியிருந்த ஈக்கள்கூடக் கிளம்பிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடவில்லை. மெஷின்தான் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. தோற்றவன் திட்டுவதற்கும் ஜெயித்தவன் கும்பிடுவதற்கும் வாகாக, திருப்பிப் பேசாத ஒரு பெட்டி கையில் இருக்கும்போது வேறு எதைத் தேடுவது? உள்ளே பேட்டரி வெடித்துவிட்டது என்றார்கள், எலி புகுந்து செத்துவிட்டது என்றார்கள், போட்ட ஓட்டே அழுகிவிட்டது என்றுகூட டீக்கடையில் ஒருத்தர் சொல்ல, ஓட்டு என்ன தக்காளியா அழுகுவதற்கு என்று கேட்க அங்கே ஆளில்லை.

பந்தலில் ராப்பகலாகக் காவல் இருந்தவர்கள் இரண்டு பேர். உரல் சின்னத்தின் ஏஜெண்டு பரமார்த்தலிங்கம், டயர் கடைக்காரர். கூஜா சின்னத்தின் ஏஜெண்டு ஜெபசிங், கோழிக்கறிக் கடை வைத்திருப்பவர். மேடையில் ஒருவர் சின்னத்தை ஒருவர் காறித் துப்பினாலும் பந்தலுக்குள் ஒரே பொட்டலத்தில் பிரியாணியைப் பிரித்துத் தின்கிற சிநேகம். நாற்றம் வந்த பிறகு அந்தப் பொட்டலத்தையும் பிரிக்க முடியாமல், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, டிவியில் தெரிந்த பூட்டையே முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“மெஷினுக்குள்ள ஒம்ம ஆளு என்னத்தயோ சொருகிட்டான்வே” என்றார் பரமார்த்தலிங்கம்.

“என் ஆளு சொருகுனா மணக்கும். நாறுதுன்னா அது ஒம்ம ஆளு வேலை” என்றார் ஜெபசிங்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம் உரல் கட்சி வீட்டுக்கு ஒரு குக்கர் கொடுத்தது, கூஜா கட்சி வீட்டுக்கு ஒரு புடவையும் கறிச்சோறும் கொடுத்தது என்பதும், ஒன்றை வாங்கி ஒன்றை வேண்டாம் என்று சொல்கிற முட்டாள்தனத்தை ஊரில் அநேகமாக யாரும் செய்யவில்லை என்பதும் இந்த இடத்தில் சொல்ல வேண்டிய விஷயம். தேர்தலுக்குத் தேர்தல் நடக்கிறதுதானே, இந்தத் தடவை மட்டும் ஏன் நாற வேண்டும் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. போன தடவை ஏன் நாறவில்லை என்றுதான் நான் கேட்பேன்.

மெஷின்களுக்குப் பொறுப்பு தேர்தல் துணைத் தாசில்தார் ஆவுடையம்மாள். ஓட்டு இல்லாத காலத்திலும் அவற்றைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். தாலுகா ஆபீஸுக்குப் பின்னால் இருந்த குடோனில், பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்து, மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறுகிறதா என்று தடவிப் பார்த்து, கரையான் மருந்து அடித்து, மாதாமாதம் கட்சிக்காரர்களை வரச் சொல்லி அவர்கள் முன்னாலேயே திறந்து, அவர்கள் முன்னாலேயே பூட்டி, வீட்டில் வயசுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கிறவர்கள்கூட இவ்வளவு காபந்து பண்ணமாட்டார்கள் என்று ஆபீஸில் கேலி பேசும் அளவுக்கு வைத்திருந்தாள். ஆயுத பூஜையன்று அத்தனை மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்று ஊழியர்கள் நின்றபோது, குடோன் கதவுக்கு வைத்தால் போதும் என்று அவள் சொல்லிவிட, அந்த வருஷம் பொரிகடலையைக்கூட முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் தின்றார்கள்.

அப்படிப்பட்டவள் கடைசி நாளில் ஒரு தப்புக்கு இடம் கொடுத்தாள். ஓட்டு மெஷின்கள் பட்டறைக்குள் போய்ச் சேர்ந்து, கதவைச் சாத்தப்போகிற நேரத்தில், பரமார்த்தலிங்கமும் ஜெபசிங்கும் ஒரே குரலில் வழியை மறித்தார்கள். “திருஷ்டி சுத்தாமலா அடைக்கப் போறிய? ஊரு கண்ணு பூராவும் இது மேலல்லாம்மா இருக்கு” என்றார்கள். பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்றாள், கற்பூரம் கூடாது என்றாள், முந்தின நாளிலிருந்து நின்ற காலோடு நின்று கண் இருண்டுகொண்டு வந்ததில், ஜெபசிங் குங்குமம் தடவிய ஒரு எலுமிச்சம்பழத்தை முதல் மெஷின் பெட்டியின் மேல் வைத்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டாள். ஜெபசிங் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். ஓட்டு என்று வந்துவிட்டால் எல்லாச் சாமியும் வேண்டும் என்பார்.

ஆக, ஊர் நாறத் தொடங்கியதும் ஆவுடையம்மாளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த எலுமிச்சம்பழம்தான். ஒரு பழம் அழுகி ஒரு ஊர் நாறுமா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். நாறாது என்று தெரிந்தும் தூங்க முடியவில்லை. தெருவில் அவள் போனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். மெஷினை மாற்றியவள், மெஷினை விற்றவள், மெஷினுக்குள் என்னவோ வைத்தவள் என்று ஆளுக்கொரு பேச்சு. அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். குழந்தை சாப்பிடாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

உமையாளுக்கு ஒன்றரை வயது. ஆவுடையம்மாள் விடியக்காலை பாலிடெக்னிக்குக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள் என்பதால், மத்தியானச் சோறு ஊட்டுகிற வேலை புருஷன் நம்பிராஜனுடையது. குறை சொல்ல முடியாத தகப்பன். ஹார்டுவேர் கடையைச் சாத்திவிட்டு வந்து, பருப்புச் சோற்றை நெய் விட்டு மையப் பிசைந்து, காக்கா காட்டி, பூனை காட்டி, தெருக்கோடி வரைக்கும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஊட்டுகிறவன். அந்த வாரத்திலிருந்து அவன் கை பக்கத்தில் போனாலே குழந்தை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயைப் பிளந்து திணித்தால் துப்பியது. ராத்திரி ஆவுடையம்மாள் வந்து பிசைந்து கொடுத்தால், பட்டினி கிடந்த பிள்ளை, அவள் விரலையும் சேர்த்துக் கடித்துத் தின்றது.

உமையாள் மட்டும் இல்லை. கள்ளிவிளையில் கைச்சோறு தின்கிற வயசுப் பிள்ளைகள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைகளும் தாய்மாரும் வராந்தா தாண்டி வேப்பமரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை, பசிதான் என்றார் டாக்டர். பசி என்று எங்களுக்கும் தெரியும், அதற்கு ஒரு டானிக் எழுதித் தாருங்கள் என்றார்கள் தாய்மார்கள்.

“ஒன் மெஷின் நாத்தத்துல பிள்ளைக்கு வாயே செத்துப்போச்சுட்டி ஆவுடை” என்றான் நம்பிராஜன். “நீ அந்தக் கதவத் தெறந்து என்னன்னு பாக்காம, இங்க வந்து கண்ணக் கசக்கி என்ன பிரயோசனம்?”

குழந்தை மெலிந்துகொண்டு வந்தது. அதன் அத்தை செய்து போட்டதாக நம்பிராஜன் கொண்டுவந்த வெள்ளிக் கொலுசு, போட்ட புதிதில் காலைப் பிடித்தாற்போல் இருந்தது, இப்போது நடக்க நடக்கக் கழன்று விழுந்தது. ஆவுடையம்மாள் ஒரு நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டாள். கட்டும்போது அந்தக் காலின் சின்ன எலும்பு கையில் தட்டுப்பட, அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். எண்ணுகிற நாளுக்கு முன்னால் அந்தக் கதவைத் திறப்பது லேசுப்பட்ட காரியமில்லை. திறந்து, உள்ளே ஏதாவது கோளாறு என்றால் முதலில் போவது அவள் வேலை, அப்புறம் அவள் பெயர். தெரிந்தும் மேலே இருந்தவர்களிடம் போய், திறக்க வேண்டும் என்று அவளே நின்றாள்.

உத்தரவு வந்தது. மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார், மெஷின் செய்கிற கம்பெனியிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் வந்தார், வீடியோ எடுக்க ஆள் வந்தார், இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர் வந்தது. பெண்கள் பட்டினிப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கூட்டம் சேரச் சேர நாற்றமும் சேர்ந்து, வெளிமாநிலத்துப் போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். அரக்கு உடையாமல் இருந்தது. முத்திரை கலையாமல் இருந்தது. ஏஜெண்டுகள் தங்கள் கையெழுத்தைத் தாங்களே குனிந்து பார்த்து, ஆமாம், எங்கள் கையெழுத்துதான் என்றார்கள். ஆவுடையம்மாள் ஒரு பூட்டையும் பெரிய அதிகாரி ஒரு பூட்டையும் திறந்தார்கள்.

கதவு திறந்ததும் உள்ளேயிருந்து எலுமிச்சை மணம் வந்தது.

குளிர்ந்த, அடக்கமான, இப்போதுதான் காம்பிலிருந்து பறித்தது போன்ற மணம். மெஷின்கள் வைத்தது வைத்தபடி, பெட்டிக்குள் பெட்டியாக, வரிசை கலையாமல் இருந்தன. முதல் பெட்டியின் மேல் அந்தப் பழம் இருந்தது. வாடவில்லை, சுருங்கவில்லை. குங்குமம் மட்டும் காய்ந்திருந்தது. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் வாரக்கணக்கில் இழுக்காத மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்து விட்டார்கள். இடுப்பிலிருந்த பிள்ளைகள் அந்த அறைக்குள் போக வேண்டும் என்று கையை நீட்டி அழுதன.

இன்ஜினியர் உள்ளே போய் மூலைக்கு மூலை மோந்து பார்த்தார். பெட்டிகளைத் திறக்காமலே, குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“ஒரு குத்தமும் இல்லைங்க. உள்ள இருக்கறதுதான் இந்த ஊர்லயே சுத்தமா இருக்குது” என்றார்.

“அதெப்படி? இத்தன நாளா நாறுனது பொய்யா?” பரமார்த்தலிங்கம் எகிறினார். “மெஷின்ல கோளாறு இல்லன்னு ஒம்மால எழுதித் தர முடியுமா?”

“இது கால்குலேட்டர் மாதிரிதாங்க. வெளிய போற வயரு கிடையாது, சிக்னல் கிடையாது. அமுக்கினா எண்ணும். எதை அமுக்குனாங்களோ அதை எண்ணும், அவ்வளவுதான் அதால முடியும். அமுக்குன விரல் அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு, எதை வாங்குச்சு, இதெல்லாம் அதுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சுக்கற மாதிரி யாரும் செய்யல.”

இதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. ஏஜெண்டு என்ற உரிமையில் பரமார்த்தலிங்கம் உள்ளே நுழைந்தார், அவரை விட்டுவிட்டு நான் நிற்கவா என்று ஜெபசிங் நுழைந்தார், அவர்களுக்குப் பின்னால் ஆள்மேல் ஆள் விழுந்து கூட்டம் நுழைந்தது. ஜெபசிங் பழத்தைக் கையில் எடுத்து, “நான் வச்ச பழம்! பாருங்க, நான் வச்ச பழம்!” என்று தூக்கிக் காட்டினார். காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் பட்ட இடத்திலிருந்து பழம் கறுத்து, தோல் குழைந்து, மணிக்கட்டு வழியாக ஒழுகியது. அறை நாறியது. வெளியே இருந்த நாற்றம் அப்படியே உள்ளே வந்து நின்றது.

“அந்தா அந்தப் பெட்டிதான்! அதுலருந்துதான் வருது!” என்று பரமார்த்தலிங்கம் கையை நீட்டிக் காட்ட, நீட்டிய விரல் ஆவுடையம்மாளின் மூக்குக்கு நேரே வந்தது. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மை வைத்த இடது கை விரல் இல்லை. வலது கை ஆட்காட்டி விரல், பட்டனை அமுக்கிய விரல். அவள் இரண்டு எட்டு பின்னால் வைத்து, கூட்டத்தைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

“எல்லாரும் வெளிய போங்க! போயி அவங்கவங்க வெரல மோந்து பாருங்க!”

ஒருவர்கூட மோந்து பார்க்கவில்லை. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போயின, முந்தானைக்குள் போயின, சட்டைப் பைக்குள் போயின. அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஊரில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். சோப்புப் போட்டு, சீயக்காய் போட்டு, பினாயிலில் முக்கி, கல்லில் தேய்த்து, தோல் உரிந்தும் போகாத நாற்றம் தன் விரலில்தான் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். தனக்கு மட்டும்தான் என்று நினைத்து ஆளாளுக்கு மறைத்துக்கொண்டு, மெஷினைக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் விரலும் அதேதான் என்று தெரிந்த அந்த நிமிஷம், வெட்கப்படுவார்கள் என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்குக் கள்ளிவிளையைத் தெரியாது. ஊர் ஒரு பெருமூச்சு விட்டது. “ஒமக்குமா?” என்று ஜெபசிங் கேட்க, “பெறவு?” என்று பரமார்த்தலிங்கம் சொல்ல, முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எல்லாருக்கும் நாறினால் அது நாற்றமே இல்லை என்று ஆகிவிட்டது.

கதவை மறுபடியும் பூட்டி, புது அரக்கு வைத்து, புது முத்திரை வைத்து, ஏஜெண்டுகள் நாறும் கையால் புதுத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே பாத்திரக் கடைகளில் ஸ்பூன் தீர்ந்துபோனது. மறுநாளிலிருந்து கள்ளிவிளை ஸ்பூனால் இட்லி தின்றது, ஸ்பூனால் ரசம் சாதம் தின்றது. கோயில் பூசாரி திருநீற்றைக் கரண்டியால் கொடுத்தார், ஜனங்கள் அதை இடது கையில் வாங்கி, இடது கைதானே என்று கூச்சப்படாமல் நெற்றியில் பூசிக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தீக்குச்சியால் பெண்ணுக்குக் குங்குமம் வைத்தான், அதை வீடியோக்காரர் கிட்டே போய் எடுத்தார். மெடிக்கல் ஷாப்காரர் கையுறை விற்றார், பேன்ஸி ஸ்டோர்க்காரர் அத்தர் விற்றார், ஒற்றை விரலுக்கு மட்டும் மாட்டுகிற மாதிரி பூப்போட்ட உறை தைத்து விற்ற டெய்லர் ஒருவர் மாடி எடுத்து வீடு கட்டினார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பதில் தெரிந்தவர்களை விரல் தூக்கச் சொல்வதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்கச் சொன்னார்.

இதற்கு நடுவில் பரோட்டா மாஸ்டர் மைதீன் ஒரு காரியம் செய்தார். அவர் கையால் பிசைந்த மாவைத் தின்ன ஆளில்லாமல் கடை காற்றாட, பொறுத்துப் பார்த்து முடியாமல், வீட்டிலிருந்த குக்கரைக் கொண்டுபோய் உரல் கட்சி ஆபீஸ் படியிலும், சம்சாரம் ஒரு தடவைகூடக் கட்டாத புடவையைக் கொண்டுபோய்க் கூஜா கட்சி ஆபீஸ் படியிலும் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார். கடைக்கு வந்து மாவில் கை வைத்தார். கை மைதா மாவு வாசம் மட்டும் அடித்தது. அன்றைக்கு அவர் பிய்த்துப் போட்ட பரோட்டாவை வழியில் போன பிள்ளைகள் அவர் கையிலிருந்தே பிடுங்கித் தின்றன.

ஆக, வழி தெரிந்துவிட்டது. இனி ஊரே குக்கரைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் என்று ஆவுடையம்மாள் நம்பினாள். ஊர் கிளம்பவில்லை. குக்கர் மூன்று லிட்டர், கனமான அடி, அதைப் போய்த் திருப்பிக் கொடுப்பதா என்று ஒரு வீட்டில். புடவையைக் கட்டி நனைத்தாகிவிட்டதே என்று ஒரு வீட்டில். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தால் கொடுக்கிறேன் என்று எல்லா வீட்டிலும். சிலர் பழைய, பிடி உடைந்த குக்கரைத் துலக்கிக் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வந்தார்கள், அவர்களுக்கு நடுவிரலும் சேர்ந்து நாறியது. ஒருவர் மூடியை மட்டும் கொடுத்துப் பார்த்தார். “பெரிய யோக்கியன் வந்துட்டான்” என்று மைதீன் கடைப்பக்கம் போவதைப் பெரியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இதையெல்லாம் எழுதும்போது எனக்கே வாய் கசக்கிறது.

ஆவுடையம்மாளின் விரல் நாறவில்லை. தேர்தல் வேலையில் இருந்ததால் அவள் தபால் ஓட்டுப் போட்டிருந்தாள், மெஷின் பட்டனைத் தொடவே இல்லை. அதற்குமேல் அதில் அவள் பெருமை ஒன்றும் கிடையாது. ஆனால் ஜனங்கள் பட்டினிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்கள். முந்தின வாரம் அவளைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்கள், “எம்மா, ஒரு வாய் ஊட்டி விடுங்கம்மா” என்று கிண்ணத்தை நீட்டினார்கள். அவளும் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே, குக்கரைக் கொடுத்துவிட்டு உங்கள் கையாலேயே ஊட்டலாமே என்று சொன்னால், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றினார்கள்.

ஒருநாள் காலை, வந்த பிள்ளைகளெல்லாம் போன பிறகு, உமையாளை மடியில் போட்டு ஊட்டியபடியே அவள் புருஷனைக் கேட்டாள்.

“நம்ம வீட்டுக்கு என்ன வந்துச்சு?”

“ஒண்ணும் வரல. அதிகாரி வீடுன்னு பயந்து ரெண்டு பேரும் வரல” என்றான் நம்பிராஜன், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

“அப்பம் ஒங்க கை ஏன் நாறுது?”

குழந்தை காலை உதறியது. கொலுசு நூலோடு கழன்று தரையில் விழுந்தது. ஆவுடையம்மாள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், நாத்தனார் போன மாதம் போனில் பேசியபோது கொலுசைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதது ஞாபகம் வந்தது. இன்னொரு காலிலிருந்ததையும் கழற்றினாள். இத்தனை நாளும் தினமும் குளிப்பாட்டித் துடைத்து, தன் கையால் நூல் சுற்றிக் கட்டிவிட்டது அதைத்தான் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“யாரு குடுத்தா?”

“எடது காலுக்கு பரமார்த்தலிங்கம், வலது காலுக்கு ஜெபசிங். பேசி வச்சு ஒரே ஆசாரிகிட்ட செஞ்சிருக்கானுவ. பிள்ளைக்கின்னு குடுத்தத எப்படிட்டி வேண்டாம்னு சொல்ல? ஒன்கிட்ட எதுவும் கேக்கலியே அவனுவ. நீ பாட்டுக்குப் பூட்டிட்டுத்தான் இருந்தே.”

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. கொலுசு இரண்டையும் அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். “நான் எண்ணிக்கை வேலைக்கு நாளைக்கு மாவட்டத்துக்குப் போறேன். முடிஞ்சு வர ஒரு வாரம் ஆவும். நீங்க இதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க. குடுத்துட்டு, கை சுத்தமானதும், ஒங்க கையாலயே பிள்ளைக்கு ஊட்டுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள். அவன் தலையை ஆட்டினான். அன்றைக்கு அவன் கண் கலங்கியதைப் பார்த்து அவள் நம்பிவிட்டாள்.

எண்ணிக்கை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. லாரியில் பாதுகாப்போடு போன மெஷின்கள் மேசைமேல் வந்தன, முத்திரை சரிபார்த்தார்கள், அமுக்கியதை அமுக்கியபடி அவை ஒப்பித்தன. ஒவ்வொரு ஓட்டுக்கும் சாட்சியாகப் பக்கத்துப் பெட்டியில் விழுந்திருந்த சீட்டைக் கொட்டி எண்ணிப் பார்த்ததிலும் ஒரு ஓட்டு கூடவில்லை, குறையவில்லை. உரல் ஜெயித்தது. தோற்ற கூஜாக்காரர்கள் மெஷினைப் பற்றி வாய் திறக்கவே இல்லை, திறந்தால் விரலைப் பற்றிப் பேச வேண்டி வரும். வெற்றி விருந்தில் உரல், கூஜா இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இலைக்கு இலை தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பூன் வைத்திருந்தார்கள், பிரியாணி வந்ததும் பாதிப் பேர் அதை மறந்துவிட்டுக் கையால் தின்றார்கள். யாருக்கும் குமட்டவில்லை. மீன் மார்க்கெட்டுக்கு ஈக்களும் திரும்பி வந்துவிட்டன.

ஆவுடையம்மாள் வேலை முடிந்து மத்தியான பஸ்ஸில் ஊருக்கு வந்தாள். தெருமுனையிலேயே ஒரு வித்தியாசம் தெரிந்தது. வீட்டுக்கு வீடு வாசலில் உட்கார்ந்து தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் வாங்கிக்கொண்டிருந்தன. அவள் நடையை எட்டிப் போட்டாள். எல்லாரும் கொடுத்துவிட்டார்களா, அவள் இல்லாத அந்தக் கொஞ்ச நாளில் ஊருக்கு நல்ல புத்தி வந்துவிட்டதா என்று வாசல் வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதிர்வீட்டுக்காரியின் வாசலில் அந்த மூன்று லிட்டர் குக்கர் கழுவிக் கவிழ்த்தியிருந்தது. நாற்றம் இருந்தது, இருந்த இடத்தில் அப்படியேதான் இருந்தது.

கேட்டைத் திறக்கும்போதே கொலுசுச் சத்தம் கேட்டது.

நம்பிராஜன் நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உமையாள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, காலைத் தட்டித் தட்டிக் குதித்து, ஆ என்று வாயைத் திறந்தது. அவன் பருப்புச் சோற்றை உருட்டி அந்த விரலால் வாயில் வைத்தான். குழந்தை விழுங்கிவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தது. கன்னம் கொஞ்சம் பூசியிருந்தது.

“பாத்தியாட்டி, சாப்பிடுதா!” என்று அவன் சந்தோஷமாகக் கத்தினான். “ரெண்டு நாளு பட்டினியாப் போட்டேன். அப்புறம் தானா வாயத் தெறந்துட்டா. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பழக்கிருக்காவ. பழகிட்டா ஒண்ணுமில்ல ஆவுடை. கொலுசும் இப்பம் கழண்டு விழ மாட்டேங்கு பாரு.”

ஆவுடையம்மாள் பையை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள். வந்து, ஒரு கிண்ணத்தில் சோறு எடுத்து, நெய் விட்டு, குழந்தைக்குப் பிடித்த மாதிரி மையப் பிசைந்து, ஒரு வாய் உருட்டி நீட்டினாள்.

உமையாள் கிட்டே வந்து அந்தக் கையை மோந்து பார்த்தது. அதில் நெய் மணத்தைத் தவிர ஒன்றும் இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பி, அப்பாவின் மடியில் போய் ஏறி உட்கார்ந்துகொண்டது.